முதலில் கழுவு, பிறகு திருகு

எங்கள் தாத்தா பாட்டியைப் புதைத்த இடுகாடு, ஈஜோக்கிற்கும் பெஸ்தாரி ஜெயாவிற்கும் இடையில் ஒரு பழைய தோட்டத்துக்குள் இருக்கிறது. லயங்கள் இடிந்து போய்விட்டன. தோட்டத்து மக்கள் புக்கிட் ரோத்தான், சுங்கை பூலோ, கிள்ளான் என்று ஆளுக்கொரு பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். இப்போது சுற்றிலும் செம்பனை மட்டும்தான். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும், லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து, எது யாருடைய சமாதி என்றே தெரியாமல் மூடிவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு முந்தைய வாரம், படையல் போடப் போவதற்கு முன்பு, அப்பா தன் புல்வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் சமாதிகளை மட்டுமல்ல, ஆள் வராத சமாதிகளையும் சேர்த்தே வெட்டிவிட்டு வருவார்.

கடந்த தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, நான் ஷா ஆலமிலிருந்து விடியற்காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கொட்டகையில் மெஷினோடு போராடிக்கொண்டிருந்தார். வழக்கமாக இரண்டே இழுப்பில் கிளம்பும் இன்ஜின், அன்று ஏழெட்டு முறை கயிற்றை இழுத்த பிறகுதான் கிளம்பியது. கிளம்பியும் வேகம் ஏறவில்லை. விசையை அழுத்தினால் அடைத்த தொண்டையில் முனகியது. புகையும் அதிகம்.

"சளி பிடிச்ச மாதிரி இருக்குப்பா" என்றேன்.

அப்பா திரும்பவில்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை.

அப்பா இளவயதில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் பழம் வெட்டினார். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவர் வாங்கிய முதல் தொழில் கருவி, முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு புல்வெட்டும் மெஷின். அதை வைத்துப் பள்ளித் திடல், கோயில் வளாகம், தாமான் சாலையோரம், ஆள் இல்லாத வீட்டு முற்றம் என்று குத்தகைக்குப் புல் வெட்டினார். என் படிப்பும் தங்கையின் படிப்பும், சுமார் 30 சிசி மட்டுமே உள்ள அந்தச் சின்ன இன்ஜினிலிருந்துதான் வந்தன.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட இன்ஜின் இல்லாத இடமே கிடையாது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பம்பு ஓடுவது இதில்தான். செம்பனைக் குலை வெட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' கருவியின் உயிரும் இதுதான். கோயில் திருவிழாவுக்கு விளக்குப் போடும் ஜெனரேட்டர் இதற்கு அண்ணன். நம் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார் இதற்குப் பங்காளி. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், 1946இல், ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா என்பவர், ராணுவ வானொலிக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்ட சின்னஞ்சிறு இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தி விற்றார். நம் தோட்டத்து ஆட்கள் கங்காணி முதல் கிராணி வரை ஓட்டிய கப்சாயின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இன்ஜின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. உலோகத்தில் மீன் செதில்போல வரிசையாக இருக்கும் தகடுகள்மீது காற்றுப் பட்டுத்தான் சூடு தணிய வேண்டும். காரில் இன்ஜின் சூடானால் ஒரு முள் ஏறும், ஒரு சிவப்பு விளக்கு எரியும். இதில் அதெல்லாம் எதுவும் இல்லை. வலித்தால் சத்தம் மாறும். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு காது வேண்டும்.

அந்தப் பாடத்தை நான் கற்றது 2009இல். அப்போது நான் படிவம் நான்கு முடித்த ஆண்டிறுதி விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் ஒரு தமிழ்ப்பள்ளியின் திடலை வெட்டித் தர அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. அதனால் பெட்ரோல் ஊற்றுவது, புல்லை வாருவது எல்லாம் என் வேலை. கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் மோட்டாருக்கான வெறும் பெட்ரோல். இன்னொன்றில் டூ-டி எண்ணெய் கலந்த பெட்ரோல். நான் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய் டேங்க்கில் ஊற்றிவிட்டேன்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அடியில் தனியாக எண்ணெய் இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கிற்கு அது கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் அந்தக் கொஞ்சம் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்கிற்கும் உயவு. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பை உரசும். அன்று பாதித் திடல்கூட முடியவில்லை. இன்ஜினின் சத்தம் மெல்ல மெல்லக் கூர்மையானது. கொசு காதருகே வந்ததுபோல ஒல்லியாக, உச்சத்தில் ஒரு கிரீச். அடுத்த நொடி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை.

அப்பா டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமோ மெஷின் இரவல் வாங்கி வந்து, இருட்டும்வரை மீதித் திடலை வெட்டி முடித்தார். மறுநாள் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தால் பிறாண்டியதுபோல மேலிருந்து கீழ்வரை கீறல்கள்.

"தொட்டுப் பாரு பாப்பா. இதுதான் எண்ணெ இல்லாம ஓடுனது" என்றார். அந்த வார வருமானம் முழுவதும் புதுப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் போனது. அதைப் பற்றி அவர் அம்மாவிடம்கூடப் பேசவில்லை. கலவை டப்பாவின் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அந்தத் துணி நைந்து போகும்போதெல்லாம் மாற்றப்பட்டு இன்றும் இருக்கிறது.

அதன் பிறகுதான் அப்பா எனக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தார். கலவையைத் தனி டப்பாவில்தான் கலக்க வேண்டும், டேங்க்கில் வைத்துக் கலக்கக் கூடாது. அளவு, மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய். 50க்கு 1 என்றால் 20 மில்லி. "கண் அளவு வேணாம், பாப்பா. மருந்து குடிக்கிற மூடியில அளந்து ஊத்து" என்பார். கலந்து ஒரு மாதத்துக்கு மேலானதை ஊற்றமாட்டார்.

வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிடம். அதுதான் அவர் கணக்கு. சூடு ஆறிய பிறகு பிளக் வயரைக் கழற்றி வைப்பார், தப்பித் தவறி இன்ஜின் சுழன்று கத்தி கையைப் பதம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்கையும், காற்றை உள்ளிழுக்கும் வலையையும் தேய்ப்பார். புல்லின் சாறும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அங்கே கம்பளிபோலப் படியும். வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடினால் நமக்கு எப்படியோ அப்படித்தான் இன்ஜினுக்கும். சில நாட்கள் சும்மா நின்றாலே போதும், நம் ஊரில் குளவி வந்து அந்த இடுக்கிலும் புகைக்குழாயிலும் மண்கூடு கட்டிவிடும். அதையும் பார்க்க வேண்டும்.

காற்று வடிகட்டியின் ஸ்பஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி மாட்டுவார். காகித வடிகட்டியாக இருந்தால் தண்ணீர் படவே கூடாது, தட்டி எடுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் முனை தே தாரிக் நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் கொதிக்கிறது. எங்கள் மெஷினுக்குப் பிளக் இடைவெளி 0.6லிருந்து 0.7 மில்லிமீட்டர். இருபது, இருபத்தைந்து மணி நேர வேலைக்கு ஒருமுறை கத்திக்கு மேலிருக்கும் கியர் பெட்டிக்குக் கிரீஸ். ரொம்ப நாள் எடுத்து வைப்பதாக இருந்தால், டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவார். இல்லாவிட்டால் பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசினாகி வழியை அடைத்துக்கொள்ளும்.

கோயில் ஜெனரேட்டரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அது நான்கு ஸ்ட்ரோக், ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜின். அதற்கு எண்ணெய் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். புதிதில் முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மட்டமான தரையில் வைத்து, அளவுக்குச்சியைத் திருகாமல் செருகிப் பார்க்க வேண்டும். "அரை லிட்டர் எண்ணெய்க்குக் கணக்குப் பாத்தா, அம்மன் ஊர்வலத்தன்னிக்கு இருட்டுல நிக்கணும்" என்பார் கோயில் கமிட்டியிடம். மூடிய அறைக்குள் அதை ஓட்ட ஒருநாளும் விடமாட்டார். அந்தப் புகைக்கு வாசமில்லாத ஒரு பகுதி உண்டு, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் அவர் ஒரு 555 புத்தகத்தில் எழுதி வைத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான். தேதி, இடம், எத்தனை மணி நேரம், பிளக், கிரீஸ், வடிகட்டி. இருபது வருடத்துக்கும் மேல், ஒன்று முடிந்தால் இன்னொன்று. முதல் பக்கத்தில் எப்போதும் ஒரே வரி: முதலில் கழுவு, பிறகு திருகு. அதாவது, இன்ஜின் சரியாக ஓடவில்லை என்றால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரைத் திருகாதே. முதலில் வடிகட்டி, பிளக், புகைக்குழாய் எல்லாம் சுத்தமா என்று பார். அழுக்கை வைத்துக்கொண்டு திருகினால் நீ அழுக்குக்கு ஏற்ற மாதிரி இன்ஜினை மாற்றுகிறாய்.

கடைசியாக, சத்தம். விசையை முழுதாக அழுத்தி, அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சத்தம் கொஞ்சம் கரகரப்பாக, தடிமனாக இருந்தால் சரி. ஒல்லியாகக் கூர்மையானால் பெட்ரோல் போதவில்லை, கூடவே எண்ணெயும் போதவில்லை என்று அர்த்தம். கால் சுற்று திருப்புவார், மறுபடி கேட்பார். தெரிந்தவர்கள் எல்லாம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல இருக்கும்.

அந்தக் காதுதான் போய்விட்டது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, தொலைக்காட்சியின் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கத் தொடங்கியபோது, அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். காகிதத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினார்கள். தாழ்ந்த ஒலிகளில் பரவாயில்லை. உயர்ந்த ஒலிகள் பக்கம் வரும்போது கோடு பள்ளத்தில் விழுந்தது. பல வருட இரைச்சலால் ஏற்படும் கேட்புக் குறை இப்படித்தான் தொடங்கும், உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும் என்றார் அந்தப் பெண். போனது திரும்பி வராது.

மலேசியாவில் 2019இல் வந்த இரைச்சல் விதிமுறைப்படி, தொழிலாளி ஒருவர் எட்டு மணி நேர வேலையில் கேட்கக்கூடிய சராசரி அளவு 85 டெசிபல். மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். புல்வெட்டும் மெஷின் 95ஐத் தொடுவது சாதாரணம். அப்பா அதை முதுகிலேயே சுமந்தார். காதடைப்பான் போட்டதே இல்லை. கேட்டால், "காத அடைச்சிட்டா மெஷினு என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். அந்தப் பதிலில் எனக்கும் அப்போது ஒரு பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மேல்வேகத் திருகை உள்பக்கமாகத் திருகினார். பெட்ரோல் குறைந்தது, முனகல் கொஞ்சம் தெளிந்தது. நிறுத்திவிட்டு, "காத்து வடிகட்டியக் கழுவிக் கொண்டா" என்றார். திறந்து பார்த்தேன். ஸ்பஞ்சு கறுத்து, தூசி அப்பி, மூச்சே விட முடியாமல் இருந்தது. கழுவி, பழைய துண்டில் வைத்துப் பிழிந்து, காயவைத்து மாட்டினேன்.

மறுபடி கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. விசையை முழுதாக அழுத்தினார். இன்ஜின் துள்ளிப் பறந்தது. அப்பா முகம் மலர்ந்தது. கட்டை விரலை உயர்த்தினார். "இப்பத்தான் பாடுது!"

எனக்கு உடம்பு சில்லென்றது. அது பாட்டு இல்லை. 2009இல் பள்ளித் திடலில் கேட்ட அதே ஒல்லிச் சத்தம். அழுக்கு வடிகட்டிக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்தாயிற்று. இப்போது வடிகட்டி சுத்தமாகிக் காற்று தாராளமாக வருகிறது. பெட்ரோல் மட்டும் குறைந்தபடியே நிற்கிறது. எண்ணெயும் அதோடு குறைகிறது. அப்பாவுக்கு அடிச்சத்தம் கேட்டது, கையில் அதிர்வு தெரிந்தது. மேலே கிரீச்சிட்ட அந்தக் கூர்மை மட்டும் அவருடைய காதின் பள்ளத்தில் விழுந்து காணாமல் போயிருந்தது.

ஓடிப்போய் நிறுத்துப் பொத்தானை அழுத்தினேன். அப்பாவுக்குக் கோபம். "என்னம்மா?"

அருகில் போய், அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "ஒல்லியா கத்துதுப்பா. அன்னிக்கு ஸ்கூல்ல கத்துன மாதிரி."

அவர் கொஞ்ச நேரம் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கேக்கலியே" என்றார் மெல்ல. சுவரில் தொங்கிய 555 புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிக் குறிப்பு எட்டு மாதத்துக்கு முந்தையது. காது சரியில்லாமல் போனதிலிருந்து யாரும் மெஷின் கொண்டு வருவதில்லை. அவரும் எழுதுவதை விட்டிருந்தார். முதல் பக்கத்து வரி மட்டும் அப்படியே இருந்தது. அதைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். "நீ கேளு. நான் சொல்றேன்."

பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். புகைக்குழாயின் வலையில் அடைத்திருந்த கரியைத் தட்டினோம். எரிபொருள் வடிகட்டியைப் பார்த்தோம். எல்லாம் சுத்தமான பிறகுதான் திருகில் கை வைத்தேன். கால் சுற்று வெளியே. "இப்ப எப்படி?" "இன்னும் ஒல்லிதாம்பா." இன்னும் கொஞ்சம். "இப்ப?" சத்தம் தடித்து, லேசாகக் கரகரத்தது. "அப்பா, நீங்க வெத்தல போட்டுப் பேசுற மாதிரி இருக்கு." "ஆங்! அதான்! விட்டுரு!"

இடுகாட்டில் கத்தியைக் கழற்றிவிட்டு நைலான் கயிற்றைப் பூட்டினோம். கல்லில் பட்டாலும் சமாதி உடையாது. 1971இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இயந்திரத்தின் சுழலும் பிரஷ்களைப் பார்த்துக் கண்டுபிடித்த யோசனை இது. அன்று மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டவள் நான். காதில் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, கண்ணாடி, பூட்ஸ். அப்பா மண்வெட்டியோடு ஓரம் செதுக்கிக்கொண்டு வந்தார். பாட்டியின் சமாதி தெரிந்தது, பிறகு தாத்தாவுடையது, பிறகு பெயர் அழிந்துபோன இன்னும் பல.

காதை அடைத்தால் மெஷின் சொல்வது கேட்காது என்று அப்பா சொன்னது தவறு என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றாகவே கேட்டது. இரைச்சல்தான் குறைந்தது. குரல் மாறினால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, தகடுகளைத் தேய்த்து, புதிய 555 புத்தகத்தில் தேதியையும் மணி நேரத்தையும் எழுதினேன். பிளக், கிரீஸ், வடிகட்டி என்ற வழக்கமான கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன்: காது. என்னுடையது வருடத்துக்கு ஒருமுறை. அப்பாவுக்கு, அவர் இரண்டு வருடமாக வேண்டாம் என்று தள்ளிவரும் கேட்கும் கருவிக்கான மருத்துவமனைத் தேதி.

இருபது வருடம் அந்த இன்ஜினுக்கு நாள் தவறாமல் பத்து நிமிடம் கொடுத்தவர் எங்கள் அப்பா. அவருக்காக அந்தப் பத்து நிமிடத்தை எங்களில் ஒருவரும் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. உங்கள் வீட்டிலும் மெஷின் தூக்கும் அப்பாவோ மாமாவோ அண்ணனோ இருந்தால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது டூ-டி எண்ணெயோடு ஒரு ஜோடி காதடைப்பானும் வாங்கி வாருங்கள். விலை அதிகமில்லை.

அந்தக் கட்டத்தை அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, தேதிக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு போட்டார். அவர் புத்தகத்தில் அதற்கு, மறக்கக் கூடாது என்று பொருள்.